மச்சான் எடுத்த படம்

கரூர் கடைவீதியில் பூங்கோதை மேடத்துக்கு ஒரு ஸ்டுடியோ உண்டு. வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி. மற்ற ஸ்டுடியோக்காரர்கள் அந்த இடத்தில் கல்யாண ஜோடிகளையும் மொட்டையடித்த குழந்தைகளையும் நெருக்கி அடுக்குவார்கள். மேடம் ஒரே ஒரு படத்தைத்தான் வைப்பார். வைத்தால் ஒரு வருஷத்துக்கு அது அங்கேயே இருக்கும்.

அது அவர் எடுத்த படமாக இருக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவரிடம் படம் பிடிக்கக் கற்றுக்கொள்பவர்களில் ஒருவர் எடுத்ததாக இருக்கும். வருஷத்துக்கு ஒரு முறை அவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு ஏதாவது ஓர் ஊருக்குப் போவார். போன இடத்தில் எடுத்ததிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். அதன் கீழே எடுத்தவர் பெயரை எழுதிப் பெட்டிக்குள் வைப்பார்.

மேடத்துக்கு வயது முப்பத்தாறு. மாணவர்களில் பாதிப்பேர் அவரைவிடப் பெரியவர்கள். எல்லோரிலும் பெரியவர் ரத்தினசபாபதி. பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். வகுப்பு தொடங்கிய அன்றே வந்து சேர்ந்த முதல் மாணவர். மேடத்தின் கேமரா ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு நடப்பது அவருடைய உரிமை. வேறு யாராவது அதில் கை வைத்தால் அவர் முகம் சுருங்கிப் போகும்.

அப்பேர்ப்பட்ட மூத்த மாணவரின் படம் ஒன்றுகூட இதுவரை அந்தப் பெட்டிக்குள் போனதில்லை. தினமும் கடை திறக்க அவர் அந்த வழியாகத்தான் போயாக வேண்டும். இன்றைக்குப் பெட்டிப் பக்கம் திரும்பக்கூடாது என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு கிளம்புவார். திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போவார்.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டார். லோகு விஷயம்தான் அவருக்குத் தாங்கவில்லை.

லோகநாதன் அவர் மனைவி பரிமளத்தின் தம்பி. பஸ் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் ஸ்டோர் கீப்பர். லீவு நாளானால் சீட்டாடப் போய்விடுகிறான் என்று பரிமளம் மூக்கைச் சிந்த, என்னோடு வரட்டும் என்று சபாபதிதான் பெரிய மனசோடு சொன்னார். தன் பழைய கேமராவைத் துடைத்து அவன் கையில் கொடுத்தார். எந்தப் பொத்தான் எதற்கு என்று சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்கிறோம் என்று அப்போது அவருக்குத் தெரியவில்லை.

ஆறு மாதம்கூட ஆகவில்லை. மழைக்குத் தள்ளுவண்டியின் அடியில் ஒதுங்கி நிற்கும் ஓர் ஆட்டை லோகு எடுத்துக்கொண்டு வந்தான். மேடம் அந்தப் படத்தைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லா இருக்கு" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். ஆனால் சபாபதிக்கு இத்தனை வருஷத்தில் கிடைத்ததெல்லாம் "ம்". மேடத்துக்கு மனசு நன்றாக இருக்கிற நாளில் "பரவால்ல".

பரிமளம் அந்த ஆட்டைப் பெரிதாக்கி, ஃபிரேம் போட்டு, வீட்டில் டி.வி.க்கு மேலே மாட்டினாள். அந்த ஆணியில் அதுவரை சபாபதி எடுத்த அமராவதி ஆற்றுச் சூரிய உதயம் தொங்கிக்கொண்டிருந்தது. சூரிய உதயம் வாஷிங் மெஷினுக்குப் பின்சுவருக்குப் போனது. சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு டி.வி. முன்னால் உட்கார்ந்தால் ஆடு அவரையே பார்த்தது. அவருக்கு வயிறு எரிந்தது. இது பொறாமை, வேறொன்றும் இல்லை என்று அவருக்கே நன்றாகத் தெரியும். தெரிந்தும் எரிந்தது.

அந்த வருஷம் மாசியில் மேடம் எல்லோரையும் தாழைப்பேட்டைக்குக் கூட்டிப் போனார். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு மீன்பிடி ஊர். கடலைப் பார்த்த மாதிரி ஒரு லாட்ஜ், வாசலை விட்டு இறங்கினால் மணல். மூன்று நாள் தங்கல். வேனை விட்டு இறங்கியதும் சிலர் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு அலைக்கு ஓடினார்கள்.

மேடம் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தி, பையிலிருந்து ஒரு கறுப்பு டேப்பை எடுத்தார். ஒவ்வொருவர் கேமராவாக வாங்கி, படம் தெரியும் பின்பக்கத் திரையின்மேல் டேப்பை ஒட்டினார். எடுத்த படத்தை இங்கே யாரும் பார்க்க வேண்டாம், எதையும் அழிக்கவும் வேண்டாம், கடைசி நாள் மத்தியானம் லாட்ஜ் டி.வி.யில் எல்லாருடையதையும் எடுத்த வரிசையிலேயே சேர்ந்து பார்க்கலாம் என்றார். சிலர் முனகினார்கள்.

சபாபதி முனகவில்லை. அவரிடம் இருந்தது கையால் வளையத்தைத் திருப்பி ஃபோகஸ் பண்ணும் பழைய காலத்து நீள லென்ஸ். தானே ஃபோகஸ் பண்ணிக்கொள்ளும் லென்ஸெல்லாம் சோம்பேறிகளுக்கு என்பது அவர் கட்சி. புதிதாக வகுப்புக்கு வருகிறவர்களிடம் அந்த லென்ஸை நீட்டிக் காட்டி ஒரு வசனம் சொல்லுவார்.

"என் படத்துல எது தெளிவா விழணும்னு என் கைதான் முடிவு பண்ணும். மிஷின் இல்லீங்க."

அன்று சாயங்காலம் மேடம் தனியாகக் கரையோரமாக நடந்தார். சபாபதி ஸ்டாண்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு பின்னால் நடந்தார். கொஞ்ச தூரத்தில் லோகு, கவிழ்த்துப் போட்டிருந்த படகுக்குப் பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவரோடு உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். கேமரா மடியில் கிடந்தது.

"மேடம், ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"கேளுங்க சார்."

"தப்பா எடுத்துக்கக் கூடாது."

"கேளுங்க."

சபாபதி ஸ்டாண்டை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார். கேட்கவும் வெட்கமாக இருந்தது, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"லோகுகிட்ட அப்படி என்னங்க இருக்கு? கேமரா நான் குடுத்தது. பாடம் நான் சொன்னது. எடம் ஒண்ணு, வெளிச்சம் ஒண்ணு. அவன்கிட்ட இருந்து என்கிட்ட இல்லாதது என்னங்க?"

மேடம் லோகு இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

"கடைசி நாள் கேளுங்க" என்றார். "அதுவரைக்கும் படம் எடுங்க."

மறுநாள் விடிந்ததும் படகுகள் கரை சேர்ந்தன. மீனைக் கொட்டி ஏலம் விட்டார்கள். மாணவர்கள் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து படமாகச் சுட்டுத் தள்ளினார்கள். சபாபதியும் எடுத்தார். ஆனால் கண் அடிக்கடி லோகு எங்கே நிற்கிறான் என்று தேடியது. லோகு மேட்டில் ஏறினால் அங்கே என்ன இருக்கிறது என்று இவரும் ஏறினார். லோகு குனிந்தால் இவரும் முட்டி வலிக்கக் குனிந்தார். அவன் கேமராவைத் தூக்கும்போதெல்லாம் எதையோ தவறவிட்டுவிட்ட மாதிரி இவருக்கு இருந்தது.

மீன் கூடையை அலையில் அலசிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் லோகு பேச்சுக் கொடுத்தான். அவள் பெயர் காத்தாயி. பக்கத்து டவுனுக்குக் கொண்டு போய் மீன் விற்கிறவள். என்ன மீன், என்ன ருசி, எந்தக் குழம்புக்கு எது ஆகும் என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். அவளும் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தாள். சபாபதி அவளுக்குப் பின்னால் நின்றார். அவருக்கு அவள் முதுகுதான் தெரிந்தது.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு லோகு கடலில் குளிக்கப் போனான். இருவரும் தங்கியிருந்த அறையில் அவன் கட்டில்மேல் அந்தப் பழைய கேமரா கிடந்தது. சபாபதி கதவைத் தாழிட்டார்.

டேப்பின் ஒரு முனையை நகத்தால் கிளப்பினார். மெதுவாக உரித்தார். தன் வாழ்நாளில் அடுத்தவர் பையில் கை விட்டதில்லை என்று பெருமைப்பட்டுக்கொள்கிற மனுஷன், திருடனைப் போலக் காதை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார்.

முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. முக்கால்வாசிப் படம் குப்பை. கடல் ஒரு பக்கம் வழிந்து ஓடுகிற மாதிரி சாய்ந்திருந்தது. ஒரு படகுக்கு மூக்கு இல்லை. ஒன்றில் லோகுவின் விரலே பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அப்புறம் ஒரு படத்தில் காத்தாயி வந்தாள். முட்டிவரை அலைக்குள் நின்றுகொண்டு, கூடையைத் தூக்கிய கையோடு, எதற்கோ நிமிர்ந்து பார்த்துச் சிரிக்கிறாள். கூடையிலிருந்து சொட்டும் தண்ணீர்கூடத் தெரிந்தது.

அந்த நேரத்தில் அந்த இடத்தில்தான் தானும் நின்றிருந்தது சபாபதிக்கு ஞாபகம் வந்தது. தன் கேமராவில் இருப்பது வெறும் முதுகு. அவருக்கு அழுகை வரும்போல் இருந்தது. ஐம்பத்து நான்கு வயதில், லாட்ஜ் கட்டிலில் உட்கார்ந்து, ஒரு மீன்காரியின் சிரிப்புக்காக. இந்த வருஷம் பெட்டிக்குள் இதுதான் போகும் என்று தெரிந்துவிட்டது. வீட்டில் ஆடு, கடைவீதியில் காத்தாயி. இனி அவர் எந்தப் பக்கம் போவார்.

வெளியே யாரோ நடக்கும் சத்தம் கேட்டு அவசரமாக டேப்பைத் திரும்ப ஒட்டினார்.

நாலு மணிக்கு டீ குடிக்கக் கூடியபோது லோகு கேமராவை மேசைமேல் வைத்தான். டேப் கோணலாக இருந்தது. அதன் அடியில் ஒரு மணல் துணுக்கும் மாட்டியிருந்தது. மேடம் அதைப் பார்த்தார். கட்டை விரலால் ஒரு தரம் அழுத்தித் தேய்த்து நேராக்கிவிட்டு, டீயை எடுத்துக்கொண்டார்.  சபாபதிக்குத்தான் டீ நாக்கைச் சுட்டது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் பரிமளம் போன் செய்தாள். தம்பி வேளாவேளைக்குச் சாப்பிடுகிறானா, வெயிலில் ரொம்ப அலைகிறானா, நல்ல படமாகக் கிடைத்ததா என்று வரிசையாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் சபாபதி பதில் சொன்னார். அவர் சாப்பிட்டாரா என்று கடைசியில் அவளுக்கு ஞாபகம் வருவதற்குள் அவரே போனை வைத்துவிட்டார்.

மூன்றாம் நாள் காலையில் கரைவலை இழுக்கப் போகிறார்கள் என்று காத்தாயி சொல்லியிருந்தாள். கடலுக்குள் வளைத்துப் போட்ட பெரிய வலையைக் கரையில் இருந்தபடியே இரண்டு பக்கமும் கயிறு பிடித்து இழுப்பது. எல்லோரும் இருட்டோடு கிளம்பினார்கள். வாசலில் லோகு கேமராவை நீட்டினான்.

"மச்சான், இந்த வெளிச்சத்துக்கு எவ்வளவுங்க வெக்கறது?"

சபாபதி கேமராவை வாங்கினார். எண்களைத் திருப்பினார். இருட்டில் எடுப்பதற்கான அளவு அது. வெயில் ஏறியபின் அதே அளவில் எடுத்தால் படம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துப் போகும். புதிதாகப் பழகுகிறவனுக்குக்கூட முதல் வாரத்தில் சொல்லித் தருகிற சங்கதி.

"இப்படியே வெச்சுக்கோ மாப்ள."

"வெயில் வந்தா மாத்தோணுமுங்களா?"

ஒரு நொடி. அந்த ஒரு நொடியில் சபாபதிக்குக் காத்தாயியின் சிரிப்பு தெரிந்தது.

"மாத்தாத. கடல் வெளிச்சம் ஏமாத்தும். உள்ள வெளிச்சம் காட்டற முள்ளு ஏறிக் காட்டும், அதை நம்பாத."

"சரிங்க மச்சான்" என்று லோகு வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். சபாபதி அவனுக்கு முன்னால் வேகமாக மணலில் இறங்கினார்.

சூரியன் மேலே வரும்போது இரண்டு பக்கமும் இருபது முப்பது பேர் கயிற்றில் நின்றார்கள். ஒருவர் குரல் கொடுக்க, மற்றவர்கள் பின்பாட்டோடு பின்னால் சாய்ந்து இழுத்தார்கள். அந்த ஊரில் ஒரு வழக்கம். கயிற்றில் கை வைத்தவர் யாராக இருந்தாலும் மீனில் ஒரு பங்கு. வெளியூர்க்காரர், வேடிக்கை பார்க்க வந்தவர் என்ற பேதமெல்லாம் கிடையாது. லோகு கொஞ்ச நேரம் படம் எடுத்தான். அப்புறம் கேமராவை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக் கயிற்றில் போய் நின்றுகொண்டான்.

படம் எடுக்க வந்தானா, கயிறு இழுக்க வந்தானா என்று சபாபதிக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் லோகு நிற்கும் இடத்தில்தான் ஏதோ நடக்கும் என்றும் மனசு சொன்னது. நேற்று விட்டதை இன்று விடக்கூடாது. அவர் லோகுவுக்கு இருபதடி தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் நின்றுகொண்டார். நீள லென்ஸின் வளையத்தைத் திருப்பித் திருப்பி, வலையை எடுத்தார், கயிற்றை எடுத்தார், சாய்ந்து இழுக்கும் ஆட்களை எடுத்தார்.

காலியான கூடையோடு மீனுக்குக் காத்திருந்த காத்தாயி அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அவுரு உங்களுக்குத் தம்பியா சார்?"

"யாரு?"

"அந்தா, கயிறு இழுக்குறாரே."

"வீட்டுக்காரிக்குத் தம்பி. ஏன் கேக்கறீங்க?"

"இல்ல, நேத்துலேருந்து நீங்க அவுரையேதான் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க. ரொம்பப் பாசம் போலன்னு நெனச்சேன்."

சபாபதி கேமராவைக் கண்ணுக்குக் கொடுத்தார்.

மீன் அடைந்துகிடந்த வலையின் மடி கரையேறியது. மீன் துள்ளியது. எல்லோரும் கத்திக்கொண்டே சூழ்ந்தார்கள். பங்கு பிரித்தபோது லோகுவுக்கு ஒரு பிளாஸ்டிக் பை நிறையக் கிடைத்தது. தொடைவரை நனைந்த பேண்ட்டோடு அவன் நேராக மச்சானிடம்தான் ஓடி வந்தான்.

"நம்ம பங்குங்க மச்சான். லாட்ஜுல பொரிச்சுத் தரேன்னு சொல்லியிருக்காங்க."

நம்ம பங்கு என்று அவன் சொன்னது சபாபதிக்குச் சுருக்கென்றது. மத்தியானம் அந்த மீனைத்தான் சாப்பிட்டார். நல்ல பசி. மீனும் நன்றாக இருந்தது. அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு ஜன்னல்களைச் சாத்திவிட்டு எல்லோரும் மேடத்தின் அறையில் கூடினார்கள். மேடம் லேப்டாப்பை டி.வி.யோடு இணைத்தார். ஒவ்வொருவர் படமாக வந்தது. சிலருடையது பார்க்க நன்றாக இருந்தது. மேடம் "ம்" என்றார். ஒருவருக்கு "பரவால்ல" கிடைத்தது.

லோகுவின் முறை வந்தது. சாய்ந்த கடல்கள் போனபின் காத்தாயி வந்தாள். அறையே நிமிர்ந்து உட்கார்ந்தது.

"நல்லா இருக்கு" என்றார் மேடம்.

சபாபதி தரையைப் பார்த்தார்.

மூன்றாம் நாள் படங்கள் வந்தன. முதல் இரண்டு மூன்று தெரிந்தன. அதற்குப் பிறகு டி.வி.யில் வெள்ளைதான் இருந்தது. வெள்ளைக்குள் அங்கங்கே ஒரு கயிறு, ஒரு முழங்கை, யாருடையதோ பல். மேடம் ஒன்றையும் தாண்டாமல் எல்லா வெள்ளையையும் ஒவ்வொன்றாகக் காட்டினார். அது முடியவே முடியாது போல் இருந்தது சபாபதிக்கு.

"கேமராவுல எவ்வளவு வெச்சீங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"மச்சான் சரியாத்தான் வெச்சுக் குடுத்தாருங்க" என்றான் லோகு. "கயிறு இழுக்கையில கை பட்டுத் திரும்பியிருக்கும். என் தப்புதான்."

சபாபதியின் வாய் திறந்தது. அதற்குள் மேடம் அவருடைய கார்டை வாங்கி லேப்டாப்பில் செருகினார்.

முதல் நாள். வரிசையாகக் கட்டிய படகுகள். படகுகள் எல்லாம் மங்கல். படத்தின் ஓரத்தில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான், அவன் சட்டைப் பொத்தான்வரை தெளிவு. லோகு.

அடுத்த படம். கடல் மங்கல். லோகுவின் காது தெளிவு.

இரண்டாம் நாள். ஏலக் கூட்டம் முழுக்கப் புகைமூட்டம் போலக் கிடக்க, நடுவில் ஒரு பிடரி மட்டும் மயிர் மயிராகத் தெரிந்தது. காத்தாயியின் முதுகுகூடத் தெளிவாக இல்லை. அவளுக்கு முன்னால் குந்தியிருந்தவனின் தோள்தான் தெளிவாக இருந்தது. யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அடுத்த படத்துக்கு யாராலும் அடக்க முடியவில்லை.

"சபாபதி சார், கடலைப் படம் எடுக்க வந்தீங்களா, மச்சினனை எடுக்க வந்தீங்களா?"

லோகுவும் சேர்ந்து சிரித்தான். சபாபதியின் விரல்கள் தானாக மடங்கிக்கொண்டன. வளையத்தைத் திருப்பிய விரல்கள். மிஷின்மேல் பழி போட அவருக்கு வழியில்லை.

மூன்றாம் நாள் படங்கள் ஓடின. மங்கலான வலை, மங்கலான கயிறு, தெளிவான லோகு. சிரிப்பு அடங்கி அடங்கி எழுந்தது.

அப்புறம் ஒரு படம் வந்தது. சிரிப்பு நின்றது.

லோகு கயிற்றைப் பிடித்துப் பின்னால் சாய்ந்திருக்கிறான். கேமரா முதுகில் தொங்குகிறது. அவனுக்கு முன்னும் பின்னும் இழுப்பவர்கள் நிழல்களாக இருக்கிறார்கள். அவன் முகம் மட்டும் பக்கவாட்டில் கடலைப் பார்த்திருக்கிறது. வாய் லேசாகத் திறந்திருக்கிறது. வலை வெளியே வரும் இடத்தைப் பார்க்கிறான். யாரோ தன்னைப் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே அந்த முகத்தில் இல்லை. தன்னைப் பற்றிய நினைப்பே இல்லை. காலை வெளிச்சம் அவன் கன்னத்தில் ஈரமாக விழுந்திருக்கிறது.

மேடம் எழுந்து டி.வி.க்குப் பக்கத்தில் போய் நின்றார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"பெட்டிக்கு இதுதான்" என்றார்.

எல்லோரும் கைதட்டினார்கள். சபாபதியின் முதுகில் தட்டினார்கள். லோகு எழுந்து வந்து டி.வி.யையும் மச்சானையும் மாறி மாறிப் பார்த்தான். இது நான்தானா என்று கேட்டான். கண் கலங்கியிருந்தது. இப்படி ஒரு படம் தன்னை யாரும் எடுத்ததில்லை என்று சொல்லிவிட்டு, டி.வி.யையே போனில் படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பினான்.

கொஞ்ச நேரத்தில் சபாபதியின் போன் அடித்தது. பரிமளம் தம்பியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. என்னங்க, எத்தனை ஆசையா எடுத்திருக்கீங்க, என்றாள்.  ஆட்டுப் படத்தைக் கழற்றிவிட்டு இதை மாட்டப் போவதாகச் சொன்னாள். சரி என்று மட்டும் அவரால் சொல்ல முடிந்தது.

மற்றவர்கள் கடைசியாக ஒரு தடவை கடலில் கால் நனைக்கக் கிளம்பினார்கள். லோகு வாசலில் நின்று மச்சானைக் கூப்பிட்டான். அப்புறம் வருகிறேன் என்று சபாபதி கை காட்டினார். அறையில் மேடமும் அவரும்தான் இருந்தார்கள். டி.வி.யில் இன்னும் அந்தப் படம் இருந்தது.

"மேடம், அந்தப் படம் வேண்டாமுங்க."

"ஏன் சார்?"

"நான் அவனை எடுக்கலீங்க. வலையைத்தான் எடுத்தேன்."

மேடம் ஸ்டாண்டை மடக்கி ஓரமாகச் சாய்த்தார். 

"அவன் படம் வெளுத்துப் போனதுக்கு நான்தான் காரணமுங்க. தெரிஞ்சேதான் தப்பா வெச்சுக் குடுத்தேன். டேப்பை உரிச்சதும் நான்தான்."

"டேப் தெரியும். மத்தது படம் பாக்கையில தெரிஞ்சுது."

"தெரிஞ்சுமா என் பேரை எழுதறீங்க?"

"எடுத்தவர் பேரைத்தானே எழுதணும்."

சபாபதி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே லோகுவின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"ஒரு வருஷமுங்க மேடம். தினமும் அந்த வழியாத்தான் கடைக்குப் போறேன். வேற எதை வேணும்னாலும் வைங்க. அவன் எடுத்த அந்த மீன்காரம்மாவையே வைங்க."

மேடம் டி.வி. பக்கம் திரும்பினார்.

"முதல் நாள் சாயங்காலம் என்கிட்ட ஒண்ணு கேட்டீங்க. கடைசி நாள் கேளுங்கன்னு சொன்னேன். நீங்க கேக்கல."

சபாபதி தலையைக் குனிந்துகொண்டார்.

"அவன்கிட்ட அப்படி என்ன இருக்குன்னு கேட்டேனுங்க."

"எனக்கு அதை வாயால சொல்லத் தெரியல சார்" என்றார் மேடம். "நீங்க எடுத்துட்டீங்க."